மேரி வின்ட்சரின் வாழ்க்கையைச் சிங்கப்பூரிலிருந்து எழுதுவது எப்படி

சுவரொட்டியில் மூன்றாவது வரியில் பெயர் வரும் நடிகையைப் பற்றி எழுத உட்காரும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அவருடைய வாழ்க்கையை எதை வைத்து அடுக்கப் போகிறீர்கள்? பலர் கல்யாணம், விவாகரத்து, வதந்தி என்று அடுக்குகிறார்கள். நான் வேலையை வைத்து அடுக்குகிறேன். எந்த மாதம் யாரிடம் வேலை பார்த்தார், எவ்வளவு காலம் வேலை இல்லாமல் இருந்தார், அடுத்த வேலை எங்கிருந்து வந்தது. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். ரசீது இல்லாத வரியைப் பேரேட்டில் ஏற்றி எனக்குப் பழக்கமில்லை. வாழ்க்கை வரலாற்றுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எடுத்துக்காட்டாக மேரி வின்ட்சரை வைத்துக்கொள்வோம். 1940களிலும் 1950களிலும் ஹாலிவுட்டின் குறைந்த செலவுப் படங்களில் ஓயாமல் நடித்தவர். பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு முகம் தெரிந்திருக்கும். ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி கில்லிங்' (1956) படத்தில் கணவனை ஆட்டிப்படைக்கும் ஷெர்ரி அவர்தான். நமக்கு அவரைத் தேட இன்னொரு காரணமும் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம், அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்த 'தி ஜங்கிள்' (1952) படத்தில் இளவரசியாக நடித்தவர் இவர். அதே படத்தில் நம் எம்.என். நம்பியாரும் இருக்கிறார். தமிழில் 'காடு' என்ற பெயரில் வந்தது. ஹாலிவுட் நடிகை ஒருவரின் பட்டியலில் சேலத்து நிறுவனம் இடம்பிடித்திருக்கும்போது, அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதி வைக்க வேண்டிய கடமை நமக்கு இருப்பதாகவே நினைக்கிறேன்.

பெயரும் பிறந்த ஆண்டும்

முதல் வேலை, பெயர்களைத் திரட்டுவது. யூட்டா மாநிலத்தின் மேரிஸ்வேல் என்ற சின்ன ஊரில் பிறந்தபோது அவர் எமிலி மேரி பெர்டெல்சன். 1946இல் இசைக்குழு நடத்திவந்த டெட் ஸ்டீலை மணந்தார், அது நீடிக்கவில்லை. 1954இல் ஜாக் ஹப்பை மணந்து கடைசிவரை அவரோடு வாழ்ந்தார். ஆகவே ஊர்ப் பத்திரிகையில் பெர்டெல்சன், திரைத்தொழில் இதழ்களில் வின்ட்சர், பிற்காலத் தாள்களில் ஹப் என்று தேட வேண்டும். பெர்டெல்சன் என்பதையும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள் என்று நம்பாதீர்கள். கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு போயிருப்பார். ஓர் எழுத்தை மாற்றி மாற்றித் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து நடிகைகளுக்குப் பிறந்த ஆண்டு இரண்டாக இருப்பது சாதாரணம். ஸ்டுடியோவின் விளம்பரப் பிரிவு சொன்னது ஒன்று, ஊர்ப் பதிவேடு சொல்வது இன்னொன்று. இவருக்கும் சில பழைய குறிப்புகளில் 1922 என்று இருக்கும். 1919 டிசம்பர் 11 என்பதே சரி. இதைச் சோதிக்க அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுங்கள். 1920 கணக்கெடுப்புக்குக் கணக்கு நாள் ஜனவரி 1. ஐந்து வயது நிறையாத குழந்தைகளின் வயதை மாதக் கணக்கில், பன்னிரண்டின் கீழ் பின்னமாக எழுத வேண்டும் என்பது விதி. ஒரு மாதம்கூட நிறையாத சிசுவுக்கு 0/12. டிசம்பர் 11இல் பிறந்த குழந்தை அந்த வீட்டின் கடைசி வரியில் 0/12 என்ற குறிப்போடு இருக்க வேண்டும். 1922இல் பிறந்தவர் அந்தத் தாளில் இருக்கவே முடியாது. இப்படி 'உண்டு' அல்லது 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் தரும் தாள் எது என்று யோசித்துத் தேடுங்கள். நாலு வாழ்க்கைக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பெரும்பான்மைக்கு வாக்களிப்பது ஆராய்ச்சி ஆகாது, ஏனென்றால் அந்த நாலும் ஒரே விளம்பரத் தாளைப் பார்த்து எழுதப்பட்டிருக்கலாம்.

கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டு கழித்தே பொதுமக்களுக்குத் திறக்கப்படும். 1940ஆம் ஆண்டுக்கானது 2012இலும், 1950ஆம் ஆண்டுக்கானது 2022 ஏப்ரல் 1ஆம் தேதியும் வெளிவந்தன. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1950 தாள்களைக் காசு கொடுக்காமல் பெயர் போட்டுத் தேடலாம். மற்ற ஆண்டுகளுக்கு ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று திறந்துகொண்டால் போதும். என்னைப் போல வேலையை வைத்து வாழ்க்கையை அடுக்குபவர்களுக்கு இந்தத் தாள்கள் புதையல். 1940 தாளில் முந்தைய ஆண்டு எத்தனை வாரம் வேலை பார்த்தார், எவ்வளவு சம்பளம் வாங்கினார் என்றே பத்திகள் இருக்கின்றன. 1950 தாளில் போன வாரம் எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டிருக்கிறார்கள்.

பிறந்த ஊரின் செய்திகளுக்கு யூட்டா டிஜிட்டல் நியூஸ்பேப்பர்ஸ் இருக்கிறது. யூட்டா பல்கலைக்கழக நூலகம் நடத்துவது, இதுவும் இலவசம். சின்ன ஊர்ப் பத்திரிகையில் யார் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தார், எந்த வீட்டுப் பெண் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து விடுமுறைக்குத் திரும்பினாள் என்றெல்லாம் அச்சிடுவார்கள். ஸ்டுடியோ சொல்லாத நாள்கள் அங்கே கிடைக்கும். மேரி வின்ட்சரைப் பல குறிப்புகள் 'மிஸ் யூட்டா' என்று எழுதுகின்றன. மாநில அளவிலான போட்டியில் வென்ற பட்டத்துக்கும் ஊர் வணிகர் சங்கம் மரியாதைக்குச் சூட்டிய பட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு. 1939ஆம் ஆண்டின் உள்ளூர் இதழ்களைப் பார்த்துவிட்டு அந்த வரியை எழுதுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு தேதி

இங்கேதான் பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குகின்றன. இணையத்தில் கிடைக்கும் படப்பட்டியல் வெளியான ஆண்டை மட்டும் தரும். நடிகை வேலை பார்த்த ஆண்டு அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

1952ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஓராண்டில் மேரி வின்ட்சரின் படங்களாக 'தி நாரோ மார்ஜின்', 'தி ஸ்னைப்பர்', 'ஜாப்பனீஸ் வார் பிரைட்', 'அவுட்லா விமன்', 'தி ஜங்கிள்' ஆகியவை வந்திருக்கின்றன. பட்டியலைப் பார்த்தவுடன் "1952 அவருடைய உச்ச ஆண்டு" என்று எழுதத் தோன்றும். ஆனால் ரயிலுக்குள் நடக்கும் 'தி நாரோ மார்ஜின்' 1950இலேயே எடுக்கப்பட்டது. ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவைக் கையில் வைத்திருந்த ஹோவர்ட் ஹியூஸ் அதைக் கிடப்பில் போட்டு, 1952இல்தான் வெளியிட்டார். மேரி வின்ட்சரின் மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று ஏறத்தாழ இரண்டு ஆண்டு பெட்டிக்குள் கிடந்தது. அந்தப் படம் உடனே வந்திருந்தால் அடுத்த வாய்ப்பு எப்படி அமைந்திருக்கும் என்ற கேள்வி, இரண்டாவது தேதியைத் தேடிப் பிடித்தவருக்குத்தான் எழும்.

ஆகவே ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து இடப்பக்கம் படப்பிடிப்புத் தேதி, வலப்பக்கம் வெளியீட்டுத் தேதி என்று எழுதி வாருங்கள். படப்பிடிப்புத் தேதிக்கு அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் படப் பட்டியல் முதல் கதவு. அன்றைய தொழில் இதழ்களை அலசி எழுதிய குறிப்புகள் பல படங்களுக்கு அங்கே உள்ளன. அதற்கடுத்து லான்டர்ன் என்ற தேடல் தளம். திரைத்தொழில் இதழ்களையும் ரசிகர் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடி வைத்திருக்கிறார்கள். அதில் 'மோஷன் பிக்சர் ஹெரால்ட்' இதழைத் தவறவிடாதீர்கள். சிறு நகரத் தியேட்டர்காரர்கள் தாங்கள் ஓட்டிய படம் எப்படிப் போனது, ஜனங்கள் வந்தார்களா, என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்பிய பகுதி ஒன்று அதில் உண்டு. விமர்சகர்கள் கண்டுகொள்ளாத படங்களுக்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

நோட்டு நிரம்பியதும் இடைவெளிகள் கண்ணில் படும். மேரி வின்ட்சரின் முதல் படம் 'ஆல்-அமெரிக்கன் கோ-எட்' (1941). கவனிக்கத்தக்க வேடம் என்று சொல்லும்படி வந்தது 1948இல், 'ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்'. இடையில் ஏழு ஆண்டு, பெரும்பாலும் பெயர் கூடப் போடாத துண்டு வேடங்கள். அந்த ஏழு ஆண்டை "போராட்டக் காலம்" என்ற ஒற்றை வரியில் தாண்டிவிடாதீர்கள். எந்தப் படத்தில் எத்தனை நொடி வந்தார் என்பதைப் படத்தை ஓடவிட்டுப் பார்த்து எழுதுங்கள். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு மரியா ஊஸ்பென்ஸ்காயா என்ற பெரிய ஆசிரியையிடம் நடிப்புப் பயின்ற ஒரு பெண்ணுக்கு, கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் வேலைதான் கிடைத்தது. அதைச் சொல்லாத வாழ்க்கை வரலாறு பாதி வரலாறுதான்.

உயரமும் ஒரு காரணம். ஐந்தடி ஒன்பது அங்குலம் உள்ள பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கப் பல கதாநாயகர்களுக்கு உயரம் போதவில்லை. நல்ல குடும்பப் பெண் வேடங்கள் குட்டையானவர்களுக்குப் போயின. இவருக்குத் துப்பாக்கியும் சிகரெட்டும் வந்தன. 'ஹெல்ஃபயர்' (1949) படத்தில் குதிரையேறும் கொள்ளைக்காரி வேடத்தைப் பாருங்கள். அந்த உயரம் எப்படி அதிகாரமாக மாறுகிறது என்பது தெரியும்.

நம் ஊர்ப் பத்திரிகைகள்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1950களின் ஆங்கில, தமிழ், மலாய், சீன நாளிதழ்கள் இருக்கின்றன. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் அந்தக் கால இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். சிலவற்றை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும். அதற்கு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போங்கள். பூகிஸ் எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் சில நிமிடம். மைக்ரோஃபிலிம் பார்க்கும் இடம் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தின் 11ஆம் தளத்தில் இருக்கிறது. குளிர் அதிகம், ஒரு ஸ்வெட்டர் கொண்டுபோவது நல்லது.

தேடும் விதம் முக்கியம். 1952க்கு 'வின்ட்சர்' என்று மட்டும் போட்டால் நடிகை கிடைக்க மாட்டார். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமாகி வின்ட்சரில் அடக்கம் செய்யப்பட்டார். பக்கம் பக்கமாக அரச குடும்பமும் வின்ட்சர் கோமகனும்தான் வந்து விழுவார்கள். சினிமா விளம்பரத்தில் கதாநாயகன் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆகவே 'தி ஜங்கிள்' படத்துக்கு ராட் கேமரன், சீசர் ரொமேரோ என்று தேடுங்கள். 'தி கில்லிங்' படத்துக்கு ஸ்டெர்லிங் ஹேடன். கணினி எழுத்துகளைப் பிழையாகப் படித்திருக்கும், அதிலும் விளம்பரங்களின் அலங்கார எழுத்துகளை. எனவே படத்தின் பெயர், நடிகர் பெயர், தியேட்டர் பெயர் மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த விளம்பரப் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். ஒரே பக்கத்தில் கேத்தே, கேப்பிட்டல் என்று பெரிய தியேட்டர்களுக்குப் பெரிய கட்டம். அதன் கீழே சின்னக் கட்டங்களில் மற்ற தியேட்டர்கள். காட்சி நேரங்கள் ஒரே வரியில் அடுக்கப்பட்டிருக்கும். சனிக்கிழமை நள்ளிரவுக் காட்சிக்கு ஒரு மூலையில் தனிக் கட்டம். ஒரு படம் எந்தக் கட்டத்தில் தொடங்கி, அடுத்த வாரம் எந்தக் கட்டத்துக்கு இறங்கி, எந்த நாளில் மறைகிறது என்று சில வாரம் தொடர்ந்து பார்த்தால், இந்த ஊரில் அது எப்படி ஓடியது என்பது தெரிந்துவிடும். இப்படிப் பார்த்து எழுதும் மூன்று வரிக்கு, வேறெங்கும் கிடைக்காத மதிப்பு உண்டு.

தமிழ் முரசுக்கு வேறு வழி. 1935 முதல் வரும் பத்திரிகை. அதில் பெயர் போட்டுத் தேடுவதைவிட மாதத்தைத் தேர்ந்தெடுத்துப் பக்கங்களைப் புரட்டுவதே பலன் தரும். தீபாவளி, பொங்கலை ஒட்டிய இதழ்களில் தொடங்குங்கள். தமிழ்ப் படங்களுக்கு அப்போது நார்த் பிரிட்ஜ் ரோட்டில் இருந்த டைமண்ட், ராயல் போன்ற தியேட்டர்களின் விளம்பரங்களைக் கவனியுங்கள். 'காடு' என்ற இரண்டெழுத்து, வேறு படங்களின் பெயர்களுக்குள்ளும் கதைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயர் பக்கத்தில் இருந்தால்தான் அது நம் படம்.

பெரியவர்களிடம் கேட்பது

தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் உட்காரும் பாட்டி ஒருவர், சின்ன வயதில் வெள்ளைக்காரர்கள் நடித்த யானைப் படம் ஒன்று பார்த்ததாகச் சொன்னார். எனக்கு உடனே 'தி ஜங்கிள்' நினைவுக்கு வந்தது. அதுதானா என்று அவரிடம் கேட்கவில்லை. படத்தின் பெயரை நாமே எடுத்துக்கொடுத்தால், பெரியவர்கள் மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள்.

"பாட்டி, அது கலர்ப் படமா?" என்று கேட்டேன்.

"கலர்தான் அம்மா. அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கவுன் எப்படி இருந்தது தெரியுமா? யானையெல்லாம் பங்களாவுக்குள் புகுந்து மாடிப்படியை உடைக்கும். எங்கள் அத்தை பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்."

அது 'தி ஜங்கிள்' அல்ல. எலிசபெத் டெய்லர் நடித்து, இலங்கையில் படமாக்கப்பட்ட 'எலிஃபண்ட் வாக்' (1954). அது டெக்னிகலர் படம். 'தி ஜங்கிள்' வண்ணப் படம் அல்ல. பழுப்புச் சாயம் ஏற்றிய பிரதிகளாக வந்தது. இரண்டு படத்திலும் யானைகள் மிரண்டு ஓடுகின்றன, ஆனால் ஒன்றில் பங்களா, இன்னொன்றில் காடு. பெரியவர்களிடம் நேர்காணல் எடுக்கும்போது இப்படி இரண்டைப் பிரித்துக் காட்டும் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தியேட்டர், யாரோடு போனீர்கள், நடந்து போனீர்களா பஸ்ஸில் போனீர்களா என்று கேளுங்கள். ஆண்டைக் கேட்காதீர்கள்; அதைப் பத்திரிகை சொல்லும். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளிலும் அந்தக் காலச் சினிமா பார்த்த அனுபவங்கள் கிடைக்கும். உங்கள் சொந்தப் பேட்டிக்கு முன் சிலவற்றைக் கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

பிற்காலத்தை விட்டுவிடாதீர்கள்

கதாநாயகி வயது கடந்ததும் நடிகையைக் கைவிட்டுவிடும் கட்டுரைகள் எனக்குப் பிடிக்காது. மேரி வின்ட்சர் 1950களிலும் 60களிலும் தொலைக்காட்சித் தொடர்களில் உழைத்தார். 1979இல் 'சேலம்ஸ் லாட்' தொலைக்காட்சிப் படத்தில் எலிஷா குக்கோடு மறுபடி நடித்தார். 'தி கில்லிங்' படத்தில் அவர் ஆட்டிப்படைத்த அந்தக் கணவர் அவர்தான். ஹாலிவுட் நடிகர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் 25 ஆண்டு இருந்தார். 2000 டிசம்பர் 10இல், 81ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள் காலமானார்.

சங்கத்தைப் பற்றி எழுதும்போது 1960 வேலைநிறுத்தத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள். தியேட்டருக்காக எடுத்த படத்தைத் தொலைக்காட்சியில் போட்டால் நடிகருக்குப் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. கிடைத்த தீர்வில், அந்த ஆண்டு ஜனவரி முடிந்த பிறகு எடுக்கத் தொடங்கிய படங்களுக்குத்தான் பங்கு. அதற்கு முந்தைய படங்களுக்குப் பதிலாக, ஓய்வூதியத்துக்கும் மருத்துவ நலத்துக்கும் தயாரிப்பாளர்கள் ஒரு மொத்தத் தொகை கொடுத்தார்கள். மேரி வின்ட்சரின் பெயர் நிலைத்த படங்கள் எல்லாம் 1960க்கு முந்தியவை. அவை இரவு நேரத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடின. அந்தத் தீர்வின்படி அவற்றுக்கு அவருக்குப் பங்கு இல்லை. இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால், ஏன் ஒரு நடிகை ஆண்டுக் கணக்கில் சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்தார் என்பது வாசகருக்குத் தானாகப் புரியும்.

வயதான பிறகு அவர் கொடுத்த பேட்டிகளும் அச்சில் உள்ளன. அவற்றில் வரும் தேதிகளை நோட்டோடு ஒத்துப் பாருங்கள். செட்டில் யார் எப்படி நடத்தினார்கள், எவ்வளவு வெயில், என்ன சாப்பாடு என்பவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவற்றைச் சொல்ல அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை.

படங்கள் சேர்க்க நினைத்தால், அமெரிக்காவில் 1950களில் பதிப்புரிமைக் குறிப்பு இல்லாமல் வெளியிட்ட விளம்பரப் புகைப்படங்கள் பொதுச் சொத்தாகிவிட்டன. குறிப்போடு வந்தவற்றுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். புகைப்படத்தின் பின்பக்கத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். குறிப்பு அங்கேதான் அச்சாகியிருக்கும்.

எல்லாம் பார்த்த பிறகும் விடை கிடைக்காத கேள்விகளுக்கு, பெவர்லி ஹில்ஸில் உள்ள மார்கரெட் ஹெரிக் நூலகத்துக்கு எழுதலாம். ஆஸ்கர் விருது தரும் அகாடமியின் நூலகம் அது. நறுக்குகள், ஸ்டில்கள், அன்றைய தணிக்கை நெறி அலுவலகத்தின் படவாரியான கோப்புகள் அங்கே இருக்கின்றன. "மேரி வின்ட்சரைப் பற்றி இருப்பதை அனுப்புங்கள்" என்று எழுதாதீர்கள். படத்தின் பெயர், ஆண்டு, உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு தகவல் என்று ஒரு கேள்வியாகக் கேளுங்கள். இங்கே காலை எட்டு மணி என்றால் அங்கே முந்தைய நாள் மாலை நான்கு அல்லது ஐந்து. நம் செவ்வாய்க்கிழமை இரவில் அனுப்பிய மின்னஞ்சல், அவர்களுடைய செவ்வாய்க்கிழமை காலையில் மேசைக்கு வந்திருக்கும்.